வாஷிங் மெஷினைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது; எர்த்தை நியூட்ரலோடு சேர்த்துவிடலாமா?

கேட்டவர் வீடு ஏற்காடு அடிவாரத்தில், கன்னங்குறிச்சி பக்கம். ஈரக்கையோடு மெஷினைத் தொட்டால் சுரீர் என்கிறது, டெஸ்டர் எரிகிறது. மூன்றடியில் பாறை வந்ததும் எர்த் குழியை அதோடு நிறுத்திவிட்டார்கள். பாயிண்டுக்குள்ளேயே எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடலாம் என்கிறாராம் வயரிங் செய்பவர்.

தயவுசெய்து இணைக்காதீர்கள். இணைத்ததும் ஷாக் நின்றுவிடும், அதை நம்பித்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். பிறகு ஒருநாள் மெயின் போர்டிலோ கம்பத்திலோ நியூட்ரல் கழன்றால், ஓடுகிற மோட்டார் வழியாக 230 வோல்ட் அந்தத் துண்டு வயரில் திரும்பி மெஷின் பாடிக்கு வந்துவிடும். எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) விழாது. எர்த் வயர் எல்லாப் பாயிண்டுக்கும் பொது என்பதால் பிரிட்ஜ், கிரைண்டர் பாடியிலும் அதே கரண்ட் நிற்கும். கம்பத்தில் வேலை நடக்கும்போது ஃபேஸும் நியூட்ரலும் மாறிப்போனாலும் இதே கதிதான்.

அந்தச் சுரீருக்கு மெஷின் பழுதாகியிருக்க வேண்டும் என்பதில்லை. எலக்ட்ரானிக் போர்டு உள்ள மெஷின்களில் மின் இரைச்சலைத் தடுக்கும் ஃபில்டரில் (தண்ணீர் ஃபில்டர் அல்ல), ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்குச் சின்னக் கெப்பாசிட்டர்கள் போகும். எர்த் இல்லையென்றால் பாடி சுமார் 115 வோல்ட்டில் நிற்கும். எர்த் இருந்தால் அந்தச் சிறு கரண்ட் அதில் இறங்கிவிடும். ஆனால் உள்ளே இன்சுலேஷன் போயிருந்தாலும் ஷாக் அடிக்கும் என்பதால், சரிசெய்யும்வரை பிளக்கைக் கழற்றி வையுங்கள்.

மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 காட்டுகிறது, எர்த் நன்றாக இருக்கிறது என்பார்கள். நம்பாதீர்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகச் சொற்பம். 500 ஓம் எர்த்திலும் அது 230 காட்டும். 100 வாட் குண்டு பல்பும் 50 ஓம் எர்த்தில் பளிச்சென்றே எரியும். மண்ணில் இரண்டு முளை அடித்து எர்த் டெஸ்டரில் ஓம் பார்க்கச் சொல்லுங்கள்.

சேலத்துப் பாறை நிலத்தில் கவனிக்க வேண்டிய கணக்கு இது. எர்த் 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஃபேஸ் பாடியில் பட்டால் ஓடுவது 23 ஆம்பியர். 16 ஆம்பியர் சி டைப் எம்.சி.பி. உடனே விழுவது உறுதியாக வேண்டுமென்றால் 160 ஆம்பியர் ஓட வேண்டும். 23 ஆம்பியரில் அது ஒரு மணி நேரம்கூட விழாமல் நிற்கலாம். அத்தனை நேரமும் பாடியில் கிட்டத்தட்ட முழு வோல்டேஜ் இருக்கும். எனவே குழியோடு, கரண்ட் எர்த்துக்குக் கசிந்தாலே லைனை வெட்டிவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். எர்த் 100 ஓமாக இருந்தாலும் 2.3 ஆம்பியர் ஓடும், அது கண நேரத்தில் விழுந்துவிடும். சிங்கிள் ஃபேஸுக்கு 2 போல் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டுவது), தறியோ கொலுசுப் பட்டறையோ ஓடும் 3 ஃபேஸ் வீட்டுக்கு 4 போல். ஆர்.சி.சி.பி. ஓவர்லோடைப் பார்க்காது, எம்.சி.பி.யைக் கழற்றக் கூடாது. மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். ஆனால் எர்த்தே இல்லாவிட்டாலும் அந்தப் பட்டன் வேலை செய்யும், அதை வைத்து எர்த் சரி என்று நினைத்துவிடாதீர்கள்.

குழிக்கு வருவோம். சுவரிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி, 2.5 மீட்டர் நீளமுள்ள 40 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் இறக்குவதுதான் வழக்கம். பாறை குறுக்கிட்டால் பைப்பை 30 டிகிரி வரை சாய்த்து இறக்கலாம். அறுத்துக் குட்டையாக்கக் கூடாது. அதுவும் முடியாவிட்டால் 25 x 4 மி.மீ. ஜி.ஐ. பட்டையை அரை மீட்டர் ஆழப் பள்ளத்தில் 15 மீட்டர் நீளத்துக்குப் பதியுங்கள். இரண்டு பைப் போட்டால் இடையில் 5 மீட்டர் இருக்கட்டும். உப்பும் கரியும் முதல் வருஷம் நன்றாகத்தான் இருக்கும். மழையில் உப்பு கரைந்து போய்விடும், அதுவும் மலைச்சரிவில் வேகமாக, பைப்பையும் அரிக்கும். பெண்டோனைட் களிமண் நிரப்புவது மேல். ஏப்ரல், மே மாதங்களில் குழிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள்.

ஆர்.சி.சி.பி. போட்டதும் அடிக்கடி விழுந்தால், அதைக் கழற்றிவிடலாம் என்று ஒருவர் சொல்வார். கேட்காதீர்கள். எல்லாப் பிளக்கையும் உருவிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கீசர் காயிலில் ஈரம் இறங்கியிருக்கும். எல்லாம் உருவியும் விழுந்தால், எங்கோ ஒரு பாயிண்டில் நியூட்ரலும் எர்த்தும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்து, அப்படி இருந்தால் பிரிக்கச் சொல்லுங்கள்.