கேள்வி-பதில்: மெயிலுக்குப் பூட்டு, விலை 3,500 ரூபாய்

மெயில் பாதுகாப்பு பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். எல்லாம் பெங்களூரு வாசகர்கள் எழுதியவை. சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

எஸ்.பி. ரோட்டில் லேப்டாப் வாங்கினேன். ‘மிலிட்டரி கிரேடு ஈமெயில் என்கிரிப்ஷன்’ போட்டுத் தருகிறோம் என்று தனியாக 3,500 ரூபாய் வாங்கினார்கள். பில்லில் ‘ஆன்டிவைரஸ், 1 வருடம்’ என்றுதான் இருக்கிறது. நான் ஜிமெயில்காரன். என் மெயில் இப்போது பாதுகாப்பாக இருக்கிறதா? – அல்சூர்

அந்தக் கடைக்குள் நுழைவதற்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் வாங்கியது ஆன்டிவைரஸ்; மெயிலை வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் என்கிரிப்ஷன் அல்ல. உங்களை ஏமாற்றிவிட்டார்கள், அதில் சந்தேகம் வேண்டாம்.

உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து கூகுள் வரைக்கும் ஜிமெயில் டிஎல்எஸ் என்ற முறையில் பூட்டித்தான் போகிறது. எதிர்முனை சர்வரும் அதை ஏற்றுக்கொண்டால் அங்கே வரைக்கும் அப்படியே போகும். இதற்குப் பைசா கிடையாது. ஆனால் சர்வரில் போய் உட்கார்ந்த பிறகு அதைத் திறக்கும் வசதி கூகுளிடம் இருக்கிறது. அனுப்புகிறவரையும் பெறுகிறவரையும் தவிர நடுவில் யாருமே படிக்க முடியாதபடி செய்வதுதான் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன். அதை உங்கள் லேப்டாப்பில் மட்டும் போட்டுக் கொடுத்துவிட முடியாது, மறுமுனையில் இருப்பவரிடமும் ஏற்பாடு இருக்க வேண்டும். ‘நீங்கள் யாருக்கு மெயில் போடுவீர்கள்’ என்று கடைக்காரர் கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார்.

இந்த ‘மிலிட்டரி கிரேடு’ இருக்கிறதே, அதற்கு ஒரு காலத்தில் அர்த்தம் இருந்தது. ஃபில் ஸிம்மர்மன் 1991-இல் பிஜிபி என்ற மெயில் பூட்டு மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். ஆயுத ஏற்றுமதி விதிகளைக் காட்டி அமெரிக்க அரசு அவரை விசாரித்தது, 1996-இல் விட்டுவிட்டது. இன்று இந்த வார்த்தையால் விளம்பரம் செய்கிறவர்கள் பெரும்பாலும் சொல்வது ஏஇஎஸ்-256-ஐ. 2001-இலிருந்து பகிரங்கமாக இருக்கும் பூட்டுத் தரம் அது, உங்கள் போனில் இருக்கும் வாட்ஸ்அப்பே அதைப் பயன்படுத்துகிறது.

பணத்துக்கு வருவோம். கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் ‘நீங்கள் போட்டுத் தந்த ஈமெயில் என்கிரிப்ஷன் எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது?’ என்று மட்டும் கேளுங்கள். கோபப்படாதீர்கள். ‘அது ஆன்டிவைரஸுக்குள்ளேயே இருக்கு சார்’ என்று ஒரு பதில் வந்தால் போதும், பில்லில் இல்லாத வாக்குறுதி எழுத்தில் வந்துவிட்டது. அதை வைத்து 1915-க்குப் பேசுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். அப்போதும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

ஜிமெயிலில் ‘கான்ஃபிடென்ஷியல் மோடு’ போட்டு அனுப்பினால் வேறு யாரும் படிக்க முடியாதுதானே? – ஜீவன் பீமா நகர்

கூகுள் படிக்க முடியும். பெற்றவர் ஸ்கிரீனைப் போட்டோ எடுக்க முடியும். ஃபார்வர்டு, பிரிண்ட் பட்டன்களை எடுத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

பேங்க் ஸ்டேட்மென்ட் பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப் ஆகத்தானே வருகிறது? அதை அப்படியே ஆடிட்டருக்கு மெயிலில் அனுப்புகிறேன். அவர் பாஸ்வேர்டையும் அதே மெயிலில் எழுதச் சொல்கிறார். தப்பில்லையே? – மர்ஃபி டவுன்

தப்புதான். ஆனால் உங்களுக்கும் ஆடிட்டருக்கும் இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவர்களைப் பற்றி முதலில் பேச வேண்டும், எனக்கு இதில் நெடுநாள் எரிச்சல்.

ஸ்டேட்மென்ட் வரும் மெயிலைத் திறந்து பாருங்கள். ‘உங்கள் பாஸ்வேர்டு: பெயரின் முதல் நான்கு எழுத்து, பிறகு பிறந்த தேதியும் மாதமும்’ என்று அதிலேயே எழுதியிருக்கும், கூடவே ஓர் உதாரணமும். மெயிலின் முதல் வரி ‘டியர்’ போட்டு உங்கள் பெயரைச் சொல்லிவிடுகிறது, ஆக நான்கு எழுத்து கைக்கு வந்தாயிற்று. மிச்சம் தேதியும் மாதமும், மொத்தம் 366 வாய்ப்பு. கம்ப்யூட்டருக்கு அது கண் இமைக்கும் நேர வேலை. அதுகூட வேண்டாம், உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் யார் யார் எந்த நாளில் ஹேப்பி பர்த்டே சொன்னார்கள் என்று பார்த்தால் முடிந்தது. இ-ஆதார் பிடிஎஃபின் பாஸ்வேர்டும் இதே ரகம்தான், பெயரின் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும். சாவியை வாசலில் மாட்டி, பக்கத்தில் ‘இதுதான் சாவி’ என்று போர்டும் வைத்திருக்கிறார்கள். தப்பான ஆளுக்கு மெயில் போய்விட்டால் அவர் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டியிருக்கும், இந்தப் பாஸ்வேர்டால் கிடைக்கும் பாதுகாப்பு அந்த ஒரு நிமிடம்தான். வாடிக்கையாளர் மறந்துவிடக்கூடாதே என்பார்கள். எனக்கு வேண்டிய பாஸ்வேர்டை நானே வைத்துக்கொள்ள ஒரு கட்டம் கொடுத்தால் போதாதா?

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. 7-ஜிப் என்ற இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். ஸ்டேட்மென்ட்களை ஒரு ஃபோல்டரில் போட்டு, வலது கிளிக் செய்து, ‘ஆட் டு ஆர்க்கைவ்’ போங்கள். ஃபார்மட் 7இசட், முறை ஏஇஎஸ்-256. ‘என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்’ என்ற சின்னக் கட்டத்தையும் டிக் செய்யுங்கள், இல்லாவிட்டால் உள்ளே என்னென்ன ஃபைல் இருக்கிறது என்று பெயர்கள் வெளியே தெரியும். சம்பந்தமில்லாத ஐந்தாறு வார்த்தைகளைச் சேர்த்து நீளமாகப் பாஸ்வேர்டு வையுங்கள். அதை ஆடிட்டருக்குப் போனில் வாயால் சொல்லுங்கள். அவர் ‘மெயிலிலேயே போடுங்க சார்’ என்றால் நீங்கள்தான் பீஸ் கொடுக்கிறவர் என்பதை ஞாபகப்படுத்துங்கள்.

மூன்று வருட விபிஎன் மொத்தமாக வாங்கினேன். அப்படியும் என் மெயிலுக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள். விபிஎன் கம்பெனி மேல் கேஸ் போடலாமா? பி.கு.: எல்லா சைட்டிலும் ஒரே பாஸ்வேர்டுதான் வைத்திருந்தேன். – கே.ஆர். புரம்

கடிதத்தின் முக்கியச் சமாச்சாரத்தைப் பி.கு.வில் வைத்திருக்கிறீர்கள். விபிஎன் உங்கள் கம்ப்யூட்டருக்கும் விபிஎன் சர்வருக்கும் நடுவே உள்ள பாதையை மறைக்கும். மெயில் பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கேஸ் நிற்காது. பாஸ்வேர்டை மாற்றி, பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். பணம் ஏதாவது போயிருந்தால் உடனே 1930-க்குப் பேசுங்கள், சைபர் மோசடிக்கான உதவி எண். மூன்று வருடச் சந்தாவைத் தள்ளுபடியைப் பார்த்து வாங்கினீர்கள் என்பது என் ஊகம். நானும் வாங்கியிருக்கிறேன், அதனால் தெரியும்.

விவாகரத்து வழக்கு நடக்கிறது. வக்கீல் சென்னையில், அவரோடு எல்லாம் மெயிலில்தான். நான் வக்கீலுக்கு எழுதியதை வரி மாறாமல் கணவர் என்னிடம் திருப்பிச் சொல்கிறார். என்கிரிப்ஷன் மென்பொருள் எது வாங்க வேண்டும்? – பெயர், இடம் வேண்டாம்

அம்மா, எதுவும் வாங்காதீர்கள். இப்போதைக்கு அந்த மெயிலில் வக்கீலுக்கு எழுதுவதையும் நிறுத்துங்கள்.

பூட்டு எவ்வளவு பெரிதானாலும், அவர் உங்கள் கணக்குக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் பயனில்லை. அவர் கைபடாத ஒரு கம்ப்யூட்டரிலிருந்து, தோழி வீட்டிலிருந்தோ ஆபீஸிலிருந்தோ, ஜிமெயில் செட்டிங்ஸைத் திறந்து ‘ஃபார்வர்டிங்’, ‘ஃபில்டர்ஸ்’ இரண்டையும் பாருங்கள். அங்கே உங்களுக்குத் தெரியாத முகவரி இருந்தால் உங்கள் மெயிலின் நகல் அங்கே போய்க்கொண்டிருக்கிறது. கூகுள் கணக்கில் ‘யுவர் டிவைசஸ்’ பக்கத்தில் எந்தெந்தக் கருவி உள்ளே இருக்கிறது என்று தெரியும். பாஸ்வேர்டு மறந்தால் கணக்கை மீட்க உதவும் போன் எண் அவருடையதா என்றும் பாருங்கள். எதையும் அழிப்பதற்கு முன் ஸ்கிரீனைப் போட்டோ எடுத்து வக்கீலிடம் கொடுங்கள், வழக்குக்கு அது உதவும்.

பிறகு அதே வெளிக் கம்ப்யூட்டரில் ஒரு புதுக் கணக்கு. சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயிலில் இலவசக் கணக்கு உண்டு. வக்கீலும் ஒன்று திறந்துகொண்டால் உங்களுக்குள் போகும் மெயில் தானாகவே எண்ட்-டு-எண்ட் ஆகிவிடும். சப்ஜெக்ட் வரிக்கு மட்டும் அந்தப் பூட்டு இல்லை, அதில் ‘வணக்கம்’ என்று போட்டால் போதும். ஒரு எச்சரிக்கை: 2025 ஏப்ரலில் இந்தச் சேவையைத் தடுக்க நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசுக்கு நம் கர்நாடக உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதனால் முக்கியமான ஆவணங்களுக்கு வேறிடத்திலும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு லேப்டாப்பிலும், அவர் எடுத்துப் பார்க்கும் போனிலும் இந்தக் கணக்கை ஒரு தடவைகூடத் திறக்காதீர்கள்.

தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளில் ஓபன்பிஜிபி கீ (மெயிலைப் பூட்டித் திறக்கும் சாவி) உருவாக்கி ஒரு வருடமாக நண்பர்களோடு எழுதிக்கொண்டிருந்தேன். லேப்டாப்பை ஃபார்மட் செய்ததில் கீ போய்விட்டது. பழைய மெயில் ஒன்றும் திறக்கவில்லை. 8,000 கொடுத்தால் என்கிரிப்ஷனை உடைத்துத் தருகிறேன் என்கிறார் ஒரு கடைக்காரர். – சிவாஜி நகர்

உடைக்க முடியாது. அவரால் உடைக்க முடிந்தால் அவர் ஏன் சிவாஜி நகரில் 8,000 ரூபாய்க்கு உட்கார்ந்திருக்கிறார்? அழிந்த கீ ஃபைலை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தோண்டி எடுக்கப் பார்க்கலாம், அது வேறு வேலை. எஸ்எஸ்டி என்ற சிப் வகை டிஸ்க் என்றால் அந்த நம்பிக்கையும் குறைவு. கீ கைக்கு வந்து மெயில் திறந்தால்தான் பணம் என்று சொல்லிப் பாருங்கள், ஆள் பேச்சை மாற்றுவார். அதைவிட, உங்களுக்கு எழுதிய நண்பர்களின் ‘சென்ட்’ பெட்டியில் அவர்கள் அனுப்பியவை திறக்கும், வேண்டியதைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.

2020-இலிருந்து தண்டர்பேர்டிலேயே ஓபன்பிஜிபி இருக்கிறது. ‘கீ மேனேஜரில்’ ரகசியக் கீயை ஃபைலாக எடுத்து வைக்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது. புதுக் கீ உருவாக்கிய அன்றே அதைச் செய்யுங்கள், இரண்டு சாதாரண பென்டிரைவில். விரல்ரேகை பென்டிரைவ் வாங்காதீர்கள். நான் வாங்கியது என் விரலைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் திறந்தது.

பிஜி (பேயிங் கெஸ்ட்) ரூமுக்கு ஆதாரை மெயிலில் அனுப்பச் சொல்கிறார் புரோக்கர். அனுப்பலாமா? – மடிவாளா

இடத்தைப் பார்க்கும் முன்பு எதுவும் அனுப்பாதீர்கள். பார்த்துப் பிடித்திருந்தால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார். அதன் மேல் குறுக்கே ‘பிஜி வாடகைக்கு மட்டும்’ என்று தேதி போட்டு எழுதுங்கள்.