ஆப்பிரிக்க சஃபாரிக்குப் போன இடத்தில் உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வது?

கேள்வி: "அடுத்த மாதம் குடும்பத்தோடு கென்யா சஃபாரி போகிறோம். நடுவில் யாருக்காவது காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று வந்தால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறிவிடலாமா? அறையிலேயே படுத்தால் கட்டின பணம் எல்லாம் வீணாகிவிடாதா?"

படுத்துவிடுங்கள். பணம் அவ்வளவாக வீணாகாது. அப்படியே கொஞ்சம் போனாலும் போகட்டும்.

எனக்கு மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போன இடத்தில் இப்படி ஆனது. கணவர், தங்கை குடும்பம் என்று சேர்ந்துதான் போயிருந்தோம். அம்போசெலி, நைவாஷா எல்லாம் நன்றாகவே முடிந்திருந்தது. மாராவுக்கு வந்து சேர்ந்த இரவு வாந்தியும் பேதியும் ஆரம்பித்தன. விடியற்காலையில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 102 டிகிரி. அன்றைக்குத்தான் மாரா நதிக்கரை வரை முழுநாள் பயணம் என்று திட்டம். மனசு கிடந்து அடித்துக்கொண்டது உண்மைதான். ஆனால் வயிற்றுப்போக்கோடு போய் உட்காரச் சஃபாரி வண்டியைவிட மோசமான இடம் கிடையாது.

காப்பகத்துக்குள் நினைத்த இடத்தில் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. கழிப்பறை நுழைவாயிலில் இருக்கும், சாப்பிட ஒதுக்கிய சில இடங்களில் இருக்கும், நடுவே மணிக்கணக்கில் வெறும் புல்வெளி. மிகவும் அவசரம் என்றால் டிரைவர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு வண்டிக்குப் பின்னால் இறங்கச் சொல்வார். ஆரோக்கியமாக இருக்கிறவர்களுக்கே அது சங்கடம். போதாததற்கு பாதையின் குலுக்கல் வேறு. அங்குள்ள டிரைவர்கள் 'ஆப்பிரிக்கன் மசாஜ்' என்று சொல்லிச் சிரிப்பார்கள், குமட்டலோடு இருக்கிறவருக்கு அது சித்திரவதை. மாரா 1,500 மீட்டருக்கு மேல் உயரத்தில், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் இருக்க முடியாது, பத்து மணிக்கு மேல் வெயில் சுட்டெரிக்கும், கூடவே புழுதி. உடம்பில் இருக்கிற கொஞ்சநஞ்சத் தண்ணீரும் போய்விடும்.

பண விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 முதல் ஜூலை–டிசம்பர் சீசனில் மாராவுக்குள் நுழைய வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 200 டாலர். அந்த டிக்கெட் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரைதான். நீங்கள் தங்கும் முகாம் காப்பக எல்லைக்கு வெளியே இருந்தால், உள்ளே போகாத நாளுக்கு அந்தக் கட்டணம் இல்லை. ஆனால் டிக்கெட் எடுப்பதற்கு முன்னாலேயே டிரைவரிடம் சொல்லிவிட வேண்டும். எங்கள் முகாம் வெளியேதான் இருந்தது. விடிவதற்கு முன் டீ கொண்டுவந்து கொடுத்த பையனிடமே சொல்லிவிட்டேன், அவன் நேரே மேனேஜரைக் கூட்டிவந்துவிட்டான்.

வெட்கப்பட்டுக்கொண்டு விஷயத்தை மறைக்காதீர்கள். நம் ஆட்கள், குறிப்பாகப் பெண்கள், "எல்லாருக்கும் தொந்தரவு" என்று சொல்லாமலே இருந்துவிடுவார்கள். முகாம்காரர்களுக்கு இது அன்றாடம் பார்க்கிற விஷயம். யாரைக் கூப்பிட வேண்டும், எந்தச் சுகாதார நிலையத்தில் என்ன வசதி இருக்கிறது, எந்த ஓடுதளத்தில் விமானம் இறங்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

பக்கத்து ஊரிலிருந்து ஒரு கிளினிக்கல் ஆஃபீசர் வந்தார். இவர்கள் எம்பிபிஎஸ் டாக்டர்கள் இல்லை. மூன்று வருடம் படித்து, அதன்மேல் பயிற்சியும் முடித்து, நோயைக் கண்டுபிடித்து மருந்து எழுதித் தரும் உரிமை பெற்றவர்கள். கென்யாவின் கிராமங்களில் பெரும்பாலும் இவர்கள்தான் வைத்தியம் பார்க்கிறார்கள். டாக்டர் வரவில்லையே என்று தயங்காதீர்கள். மலேரியாவை நம்மூர் டாக்டர்கள் பலரைவிட அதிகமாகப் பார்த்தவர்கள் இவர்கள்.

வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கையின் தோலைக் கிள்ளிவிட்டு அது திரும்பப் படிகிறதா என்று பார்த்தார். அப்புறம் மலேரியா பரிசோதனை. விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை, அதில் இரண்டு குட்டிக் குழிகள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை ஒரு குழியிலும், ஏதோ ஒரு திரவத்தை இன்னொன்றிலும் விட்டார். வெள்ளைப் பட்டையில் இளஞ்சிவப்பு மெதுவாக ஊர்ந்து ஏறியது. 'சி' என்ற எழுத்துக்கு நேரே ஒரு கோடு விழுந்தால் பரிசோதனை ஒழுங்காக நடந்திருக்கிறது, கூடவே இன்னொரு கோடும் விழுந்தால் மலேரியா. கால் மணி நேரத்துக்கு மேல் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஒரே கோடுதான் விழுந்தது. "நாளைக்கும் காய்ச்சல் இருந்தால் திரும்பவும் எடுக்க வேண்டும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான், வயிற்றில் கிருமித் தொற்று என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார். அதன் பெயரை நான் இங்கே சொல்லவில்லை. உங்களுக்கு எது என்பதை உங்களைப் பார்க்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதில் எல்லாரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவில் அதிகம் இருப்பது ஃபால்சிபாரம் வகை மலேரியா, ஆளைக் கொல்லக்கூடியது. கொசு கடித்துக் காய்ச்சல் வர குறைந்தது ஏழு நாளாவது ஆகும். ஊரிலிருந்து போய் இறங்கின இரண்டாம் நாளே காய்ச்சல் என்றால் அது அநேகமாக வேறு ஏதோ. ஒரு வாரம் தாண்டிவிட்டால், தடுப்பு மாத்திரை தவறாமல் போட்டிருந்தாலும் சரி, பரிசோதனை செய்யாமல் இருக்கக் கூடாது. எனக்கு அந்த ஒரு வாரம் கடந்திருந்தது.

மருந்தைவிட என்னைத் தூக்கி நிறுத்தியது ஓஆர்எஸ். ஊரிலிருந்தே நிறைய பாக்கெட் கொண்டுபோங்கள், ஆனால் கவரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, சிறியது ஒரு டம்ளருக்கு. பெரியதை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால், குழந்தைகளுக்கு நல்லதைவிடக் கெடுதல்தான் அதிகம். கடையில் அட்டைப்பெட்டியில் வருகிற இனிப்புப் பானம் இதற்கு ஈடாகாது. மூடி உடைக்காத பாட்டில் தண்ணீரில் கரைத்து, வாய் வாயாகக் குடிக்க வேண்டும். வாந்தி வந்தால் பத்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடியும் ஸ்பூனில் ஆரம்பிக்க வேண்டும். மோஷனை உடனே நிறுத்தும் மாத்திரையை நிறைய பேர் பையில் வைத்திருப்பார்கள். காய்ச்சல் இருந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ அதைத் தொடவே கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது மற்ற வலிநிவாரணிகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

மதியம் சமையற்கட்டிலிருந்து ஒரு பிளாஸ்கில் உஜி வந்தது. விம்பி மாவில், அதாவது நம் கேழ்வரகில் காய்ச்சும் கஞ்சி. லேசாகப் புளிக்கவிட்டு, தண்ணியாக, கொஞ்சமாகச் சர்க்கரை போட்டிருந்தார்கள். ஆத்தா காய்ச்சும் கேப்பைக் கூழ் மாதிரியே இருந்தது. கேழ்வரகு பிறந்ததே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்களில்தானே, அங்கிருந்துதான் நம்மிடம் வந்தது. முந்தின இரவிலிருந்து வயிற்றில் தங்கின முதல் உணவு அதுதான். மெனுவில் இது இருக்காது, கேட்டால்தான் தருவார்கள். அதனால் கேளுங்கள். ஊரிலிருந்து அரிசிக் குருணை கொண்டுபோனாலும் கஞ்சி காய்ச்சித் தருவார்கள்.

கணவர் என்னோடு இருக்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தார். நான்தான், "இங்கே ஆள் இருக்காங்க, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வாங்க, எனக்கும் நிம்மதியாத் தூங்கணும்" என்று அனுப்பிவைத்தேன். மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பி வரும்படி முழுநாளை அரைநாளாக மாற்றச் சொன்னோம், டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நோயாளி குழந்தையாகவோ வயதானவராகவோ இருந்தால், இல்லை காய்ச்சல் ஏறிக்கொண்டே போனால், கட்டாயம் ஒருவர் கூட இருக்க வேண்டும். வேறு குடும்பத்தோடு வண்டியைப் பகிர்ந்திருந்தால் இன்னொன்றையும் யோசியுங்கள். வாந்திபேதி சட்டென்று தொற்றிக்கொள்ளும், நீங்கள் படுத்துக்கொள்வது அவர்களுக்குச் செய்யும் உதவியும்கூட.

அந்தப் பகலை இழந்ததாக நான் நினைக்கவே இல்லை. சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம்கூடப் படுத்துக் கிடக்கும். பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை வண்டியில் சுற்றுகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது புதருக்கடியில் தூங்கும் வாலைத்தான். கூடாரத்து வாசலில் சாய்வு நாற்காலியைப் போட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். பத்தடி தள்ளி ஒரு காட்டுப்பன்றிக் குடும்பம் முன்னங்கால்களை மண்டிபோட்டு மடக்கிக்கொண்டே புல் மேய்ந்தது. முழங்காலில் அப்படியே நகர்ந்து நகர்ந்து போகும். குட்டிக்கும் மண்டிபோடத் தெரிகிறது. நீலமும் ஆரஞ்சுமாக மினுங்கும் மைனா வகைப் பறவைகள் வந்து, என் தட்டில் இருந்த ரொட்டித் துணுக்கை எடுத்துக்கொண்டு போயின. வண்டியில் போயிருந்தால் இதற்கெல்லாம் யாரும் நிறுத்த மாட்டார்கள். ஆனால் கூடார ஜிப்பை மட்டும் எப்போதும் இழுத்து மூடிவையுங்கள், குரங்குகள் மருந்துப் பையைக்கூட விட்டுவைக்காது. இருட்டின பிறகு காவலாளி இல்லாமல் வெளியே கால் வைக்கவே கூடாது. பாத்ரூம் கூடாரத்துக்குள்ளேயே இருக்கிறதா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது படுத்திருப்பது போதாது? குடிக்கிற தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, ஏழெட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, மலத்தில் ரத்தம், மூச்சு வாங்குகிறது, பேச்சு குழறுகிறது, கண் மஞ்சளாகிறது, இல்லை மலேரியா பரிசோதனையில் இரண்டு கோடு விழுந்து ஆளும் சோர்ந்து போகிறார். இதில் எது நடந்தாலும் நைரோபிக்குப் போக வேண்டும். இந்த முடிவை மதியம் இரண்டு மூன்று மணிக்குள் எடுத்துவிடுங்கள். அங்கே வருடம் முழுக்க ஆறரை மணி வாக்கில் இருட்டிவிடும், காட்டு ஓடுதளங்களில் பெரும்பாலும் விளக்கு கிடையாது. "ராத்திரி வரை பார்ப்போம்" என்றால் அப்புறம் காலை வரை காத்திருக்க வேண்டியதுதான். நைரோபியின் வில்சன் விமான நிலையத்தில் ஆம்ரெஃப் பறக்கும் டாக்டர்கள் என்ற ஏர் ஆம்புலன்ஸ் சேவை இருக்கிறது. 1957-இல் மூன்று அறுவை சிகிச்சை நிபுணர்கள் தொடங்கிய அமைப்பிலிருந்து வளர்ந்தது. சுற்றுலாப் பயணிகளுக்கென்று சிறு கட்டணத்தில் குறுகிய கால உறுப்பினர் திட்டமும் வைத்திருக்கிறார்கள். உங்கள் பயணக் காப்பீட்டில் விமானத்தில் கொண்டுபோகும் செலவு அடங்குமா என்று இப்போதே பாருங்கள், இல்லையென்றால் இதில் சேர்ந்துகொள்ளுங்கள். சின்னச் செலவானாலும் ரசீதையும் பரிசோதனை முடிவையும் எழுத்தில் வாங்கிவையுங்கள்.

ஊர் மாறும் நாளில் உடம்பு படுத்தினால்தான் உண்மையான சிக்கல். மாராவிலிருந்து நைரோபிக்குச் சாலை வழியாக ஐந்தாறு மணி நேரம். முகாமில் இன்னொரு இரவு இடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் சிறு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் வில்சனில் இறங்கிவிடலாம். சாலைதான் வழி என்றால் நோயாளியை முன் சீட்டில் உட்காரவையுங்கள். பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் கடைசி வரிசையில்தான் குலுக்கல் மிக அதிகம். வழியில் பெரிய ஊர் நாரோக், மருந்துக் கடையும் ஆஸ்பத்திரியும் அங்கே உண்டு.

அடுத்த மாதம் என்கிறீர்கள், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா? போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். கூட வருகிறவர் 60 வயது தாண்டியவர் என்றால் அவருடைய டாக்டரிடம் கேட்காமல் போடவேண்டாம். மலேரியா தடுப்பு மாத்திரை எது என்பதையும் அதே கையோடு டாக்டரிடம் முடிவு செய்துவிடுங்கள்.

அந்த மாத்திரையை விமானம் ஏறினதும் நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. அடோவாகோன்–புரோகுவானில் என்றால் அந்தப் பகுதியை விட்டு வந்தபின் 7 நாள், டாக்சிசைக்ளின் என்றால் 28 நாள் தொடர வேண்டும். ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்துக்கூட ஃபால்சிபாரம் காய்ச்சல் வரலாம், சில சமயம் அதற்கும் மேலே. நம்மூரில் காய்ச்சல் என்று போனால் டெங்கு, டைபாய்டு, வைரல் என்றுதான் முதலில் யோசிப்பார்கள். நீங்கள் சொல்லாமல் அவர்களுக்குத் தெரிய வழியில்லை. டாக்டர் முன் உட்கார்ந்ததும் "நான் கென்யா போய்விட்டு வந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லுங்கள். அன்றைக்கே மலேரியாவுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தடவை இல்லை என்று வந்தும் காய்ச்சல் விடவில்லையென்றால், பன்னிரண்டிலிருந்து இருபத்துநாலு மணி நேர இடைவெளியில் மொத்தம் மூன்று தடவை பார்த்த பிறகுதான் மலேரியா இல்லை என்று ஒதுக்க முடியும்.