ஒரே லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த இரண்டு கவாத்துக் கத்திகளில் ஒன்று வளைகிறது, இன்னொன்று உடைகிறது. ஏன்?

கோத்தகிரியில் ஒரே பட்டையை வெட்டி அடித்தது என்கிறீர்கள். அப்படியென்றால் இரும்பைக் குறை சொல்ல முடியாது. வித்தியாசம் உலையிலும், காய்ச்சிய இரும்பை முக்கிக் குளிரவைக்கும் தோய்ச்சலிலும்தான்.

பட்டை எஃகில் கார்பன் ஏறக்குறைய 0.6 சதவீதம். சுமார் 850 டிகிரிக்குக் காய்ச்சினால் அது இரும்பின் படிகங்களுக்குள் கரைந்துவிடும். அப்புறம் எப்படி ஆறுகிறது என்பதுதான் விஷயம். சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டால், கார்பன் வெளியேறி இரும்போடு சேர்ந்து மெல்லிய அடுக்குகளாகப் படியும். இது பெர்லைட். தேயிலைச் செடியின் முற்றிய கிளையில் போட்டால் கத்தி வாய் மடங்கும். சட்டென்று எண்ணெயில் முக்கினால் கார்பனுக்கு வெளியேற நேரமில்லை. உள்ளேயே சிக்கிப் படிகத்தை இழுத்து விறைக்க வைக்கும். இது மார்ட்டன்சைட். அரம்கூட வழுக்கும், ஆனால் கல்லில் பட்டால் தெறித்துவிடும்.

உங்கள் உடைந்த கத்திக்கு அநேகமாக மறுசூடு காட்டவில்லை. தோய்த்ததும் ஓரிடத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, இளஞ்சூட்டில் காட்ட வேண்டும். வெளிர்மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் ஓடும். பழுப்பு ஊதாவாகும்போது, அதாவது 270-280 டிகிரியில், நிறுத்தினால் கொஞ்சம் கடினம் போகும், முறியாத குணம் வரும். நீலகிரியில் தலைமுறைகளாகக் கொல்லு வேலை செய்த கோத்தர்களுக்கு ஏது வெப்பமானி? கண்தான்.

உடைந்த முகத்தையும் பாருங்கள். சர்க்கரை போலப் பரல் பரலாக மின்னினால், அளவுக்கு மீறிக் காய்ச்சியதில் படிகங்கள் பெருத்துவிட்டன. அப்படியிருந்தால் மறுசூடு மட்டும் போதாது. மறுபடி சரியான சூட்டில் காய்ச்சி ஆறவிட்டு, முதலிலிருந்து தோய்க்கச் சொல்லுங்கள்.