செம்பேனைத் தின்னும் பேனை நாமே வளர்க்கலாமா?

கேள்வி: ஐயா, அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடி முள்ளுக்கத்தரி போட்டிருக்கிறோம். மாசி பிறந்தாலே செம்பேன் வந்து இலை வெளுத்து, அடியில் நூலாம்படை கட்டிவிடுகிறது. மருந்து அடித்தால் கொஞ்ச நாளில் முன்பைவிட அதிகமாக வருகிறது. அதைத் தின்னும் பேன் ஒன்று இருக்கிறதாமே, வாங்கி விடலாமா, நாமே வளர்க்கலாமா?

பதில்: வளர்க்கலாம், தாராளமாக. ஆனால் முதலில் என்ன மருந்து அடிக்கிறீர்கள் என்று பாருங்கள். செம்பேன் பூச்சியே இல்லை, எட்டுக்கால் உள்ள சிலந்திச் சாதி. காய்ப்புழுவுக்கென்று அடிக்கிற சைபர்மெத்ரின் மாதிரி மருந்துகள் அதை அவ்வளவாக அசைப்பதில்லை, அதைத் தின்கிற உயிர்களைத்தான் துடைத்துவிடுகின்றன. அடித்த பிறகு கூடுகிறது என்கிறீர்களே, பெரும்பாலும் காரணம் இதுதான். இதை நிறுத்தாமல் நல்ல பேனைக் கொண்டுவந்து விடுவது வீண் செலவு.

அடுத்து, எந்தப் பேன்? வெளிநாடுகளில் அதிகம் விற்பது பைட்டோசியுலஸ் பெர்சிமிலிஸ். 1958ல் சிலியிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஆர்க்கிட் செடிகளோடு போய்ச் சேர்ந்து, அங்கிருந்து பசுமைக்குடில்களுக்கெல்லாம் பரவியது. செம்பேனைத் தவிர வேறெதையும் தின்னாது, வேலையில் கெட்டி, ஆனால் 30 டிகிரிக்கு மேல் போய்க் காற்றும் காய்ந்தால் முட்டை சரியாகப் பொரியாது. சித்திரை வெயில் 40ஐத் தாண்டுகிற வேலூருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். நியோசியுலஸ் லாங்கிஸ்பைனோசஸ் நம் நாட்டிலேயே இருப்பது, வெயிலையும் அதைவிடத் தாங்கும். மருந்து படாத ஆமணக்கு, வெண்டை இலைகளைத் திருப்பிப் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் போதும். செம்பேன் முதுகில் இரண்டு கரும்புள்ளியோடு மெதுவாக நகரும், முட்டை உருண்டையாக இருக்கும். இரை தின்னும் பேன் வழவழவென்று, வெளிர் மஞ்சளாக, இலையைத் திருப்பியதுமே விறுவிறுவென்று ஓடும். அதன் முட்டை நீள்வட்டம், சற்றுப் பெரிது. சந்தேகமாக இருந்தால் இலையோடு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.

வளர்ப்பில் கவனம் முழுக்க ஒன்றில்தான்: மூன்று இடம் வேண்டும், மூன்றும் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். ஒன்றில் சுத்தமான அவரை நாற்று. இரண்டாவதில், இலை விரிந்த நாற்றின் மேல் செம்பேன் பிடித்த இலையைப் போட்டு, அது பெருக ஒரு வாரம் விடுங்கள். அப்படிப் பெருகிய செடிகளை மூன்றாவது இடத்துக்கு, நிழல்வலைக்குக் கீழே மாற்றி அங்கே நல்ல பேனை விடுங்கள். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினால் ஊர்ந்து போகாது, சுற்றி ஈரச்சாக்கு போட்டால் காற்றும் காயாது. நல்ல பேன் ஒன்றிரண்டு உங்கள் சட்டையில் ஒட்டி இரண்டாவது இடத்துக்குப் போய்விட்டால் போச்சு, தீனியே மிஞ்சாது. அதனால் காலையில் சுத்தமான நாற்றில் ஆரம்பித்து, நல்ல பேன் இருக்கும் இடத்துக்குக் கடைசியாகப் போங்கள், அன்றைக்குத் திரும்பி மற்ற இரண்டுக்கும் போக வேண்டாம்.

செம்பேன் குறைந்து நல்ல பேன் நிறையத் தெரிகிற நாள்தான் அறுவடை. ஒரு நாள் தள்ளினாலும் பசியில் ஒன்றை ஒன்று தின்ன ஆரம்பித்துவிடும். சாயங்காலம் அந்த அவரை இலைகளை வெட்டி, கத்தரியில் செம்பேன் ஆரம்பிக்கிற செடிகளின் மேல் வையுங்கள், தானாக இறங்கிக்கொள்ளும். பத்து செம்பேனுக்கு ஒன்று என்ற கணக்கு வந்தால் நல்லது. நூலாம்படை மூடிப்போன இலைகளை அதற்கு முன்பே கிள்ளி எரித்துவிடுங்கள், அந்த அளவுக்கு முற்றிய இடத்தில் எந்தப் பேனாலும் எட்டிப் பிடிக்க முடியாது.

கேள்வி: காட்பாடியில் மாடியில் நாலு ரோஜாத் தொட்டி வைத்திருக்கிறேன். அதற்கும் இந்தப் பேன் வேண்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. நாலு செடியில் தீனி தீர்ந்ததும் அது செத்துப்போகும். தினமும் காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், மதிய வெயிலுக்கு நிழல் கொடுங்கள். செம்பேனுக்குத் தூசியும் காய்ந்த காற்றும்தான் பிடிக்கும்.