மோசஸ் ஃபின்லி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கே: ஃபின்லி ஏன் அமெரிக்காவை விட்டுப் போனார்?

ப: அவர் பண்டைய கிரேக்க, ரோமானிய வரலாற்று அறிஞர். 1912-இல் நியூயார்க்கில் பிறந்தவர்; 15 வயதிலேயே பட்டம் வாங்கியவர். 1952-இல் செனட் குழு விசாரித்தபோது, முன்பு கம்யூனிஸ்டாக இருந்தாரா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் அவரை வேலையை விட்டு நீக்கியது. பிறகு கேம்பிரிட்ஜ் போனார். 1970-இல் பேராசிரியர், 1979-இல் சர் பட்டம்.

கே: அவருடைய அடமானக் கல் ஆய்வில் அப்படி என்ன இருக்கிறது?

ப: இதைக் கேட்டதற்கு நன்றி. ஏதன்ஸில் நிலத்தை ஈடு வைத்தால் அங்கே ஒரு கல் நடுவார்கள். 'மீட்கும் உரிமையோடு விற்கப்பட்டது', கடன் கொடுத்தவர் பெயர், தொகை, அவ்வளவுதான் எழுத்து. நம் ஒத்தி மாதிரி நிலம் கைமாறாது. கடன் வாங்கியவரே உழுவார். பலரும் இதில் நொடித்த குடியானவனைத்தான் தேடினார்கள். ஃபின்லி தெரிந்த கற்களையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தார். தொகைகள் பெரியவை. மனைவியின் சீதனத்துக்கு ஈடாக நட்ட கற்களே ஏராளம். கடன்பட்டவர்கள் வசதிக்காரர்கள்!

கே: சோலன் பிடுங்கியவை இந்தக் கற்கள்தானே?

ப: இல்லை. கடன்களை ரத்து செய்து நிலத்துக் கற்களைப் பிடுங்கிய ஏதன்ஸ் சட்டமியற்றுநர் சோலன் கி.மு. 594. இவை கி.மு. 4-ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. தயவுசெய்து குழப்பாதீர்கள்.

கே: சாக்ரடீஸ் எதற்காக விஷம் குடித்தார்?

ப: தத்துவம் படித்தவரைக் கேளுங்கள்.

கே: முசிறி பாப்பிரஸ் ஃபின்லியைப் பொய்யாக்கிவிட்டதே?

ப: இதையே நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். நிலமும் அந்தஸ்துமே பண்டைய பொருளாதாரத்தின் அச்சு, வணிகம் அல்ல என்று 1973-இல் எழுதினார். 1985-இல் அச்சேறிய முசிறி பாப்பிரஸோ (கேரளக் கரையின் முசிறியிலிருந்து எகிப்துக்கு வந்த சரக்கைப் பற்றிய பழைய நாணல்தாள் ஆவணம்), ஹெர்மாபொல்லோன் என்ற ஒரே கப்பலில் சுமார் 70 லட்சம் செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) பெறுமான சரக்கு வந்ததைக் காட்டுகிறது. தந்தம், கங்கைத் தைலம். வணிகத்தை அவர் குறைத்து மதிப்பிட்டார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சரக்கை வாங்கியவர் யார்? நிலமுள்ள செல்வந்தர். தவிர, ஒற்றை ஆவணத்தை வைத்து ஒரு காலத்தையே அளக்காதே என்று கற்றுத் தந்தவரும் அவர்தான்.

கே: ஒரு கப்பல் போனால் நூறு போயிருக்காதா?

ப: போயிருக்கலாம். எண்ணிக் காட்டுங்கள், ஏற்கிறேன்.

கே: சோலன் அந்தக் கற்களை...

ப: மேலே பாருங்கள்.

கே: கற்களை நேரில் பார்க்க முடியுமா?

ப: ஏதன்ஸ் கல்வெட்டு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பல கற்கள் செதுக்காத பளிங்குத் துண்டுகள். மேல்பக்கம் மட்டும் எழுத்து; மீதிப் பாகம் மண்ணுக்குள் இருந்தது.