லினக்ஸில் போட்டோஷாப்: காரைக்குடிப் பக்கத்துக் கேள்விகள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத கணினிகளில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரு வேண்டுகோள். "போட்டோஷாப் ஓடுமா?" என்று மட்டும் எழுதாதீர்கள், எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

கேள்வி: ஐயா, காரைக்குடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். நான்காம் தலைமுறை ஐ5 கணினி, 8 ஜி.பி. ரேம். லினக்ஸ் மின்ட் போட்டாகிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய போட்டோஷாப் சி.எஸ்.6 டிஸ்க் கையில் இருக்கிறது. கல்யாண ஆல்பம் வேலையை இதில் ஓட்டலாமா?

ஓட்டலாம். சி.எஸ்.6 வந்தது 2012-இல். அந்தக் காலத்துப் பதிப்புகள் ஒயின் மென்பொருளின் வழியாகப் பெரும்பாலும் நன்றாகவே ஓடுகின்றன. விண்டோஸ் நிரல் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி உடனுக்குடன் சொல்லும் துபாஷிதான் ஒயின். முழு விண்டோஸையும் உள்ளே வைத்து ஓட்டுவதில்லை என்பதால் வேகம் பெரிதாகக் குறையாது.

போட்டோஷாப்புக்கென்று தனி ஒயின் கோப்புறை ஒன்றை உருவாக்குங்கள். மற்ற நிரல்களை அதில் கலக்காதீர்கள். ஒயின் அமைப்பில் விண்டோஸ் 7 என்று வைத்து, ஒயின்டிரிக்ஸ் கருவியால் எழுத்துரு, விஷுவல் சி++ துணைக்கோப்புகளைச் சேர்த்த பிறகு நிறுவுங்கள். சுடோ (நிர்வாகி அதிகாரம் தரும் கட்டளை) போட்டு மட்டும் நிறுவாதீர்கள். வேலை செய்யும்போது திரை கறுத்தாலோ மின்னினாலோ, போட்டோஷாப்பின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் கிராஃபிக்ஸ் பிராசசர் தேர்வை எடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் ஆல்பத்துக்கு வருவோம். 12-க்கு 36 அங்குலத் தாள், 300 டி.பி.ஐ. என்றால் 10,800-க்கு 3,600 பிக்செல். தாள் முழுவதையும் நிரப்பும் ஒரே ஒரு லேயர் (ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கும் பட அடுக்கு), எட்டு பிட் ஆர்.ஜி.பி.யில், ஏறத்தாழ 117 எம்.பி. பிடிக்கும். பின்னணி, மாலை மாற்றும் படம், அதன் மேல் பூ அலங்காரம், நிழல் என்று பத்து லேயர் போட்டால் ஒரு ஜி.பி.யைத் தாண்டிவிடும். செய்ததைத் திரும்பப் பெறுவதற்காகப் போட்டோஷாப் நினைவில் வைக்கும் ஹிஸ்டரி தனிக் கணக்கு. அதனால் 64 பிட் பதிப்பையே நிறுவுங்கள். 32 பிட் நிரலால் 4 ஜி.பி.க்கு மேல் நினைவகத்தைத் தொட முடியாது. 8 ஜி.பி.யில் ஒப்பேற்றலாம், ஆனால் பக்கத்தில் பிரவுசரில் பாட்டு ஓடக் கூடாது.

உரிமச் சரிபார்ப்பில் இடறவும் கூடும். எனவே ஒரு முழு ஆல்பத்தைத் திறந்து, சேமித்து, லேபுக்கு அனுப்பிப் பார்க்கும் வரை பழைய விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: மாதச் சந்தா போட்டோஷாப், படங்களைத் தொகுத்துத் திருத்தும் லைட்ரூம் கிளாசிக் இரண்டையும் லினக்ஸில் கொண்டுவர வழி உண்டா? (தேவகோட்டை)

தொழிலுக்கு நம்பக்கூடிய வழி இல்லை. நிறுவும்போதும் உள்நுழையும்போதும்தான் பெரும் சிக்கல். அதைத் தாண்டி ஓட வைத்தவர்களும் உண்டு. அடுத்த அப்டேட்டில் நின்றுபோனால் யாரைக் கேட்பது? முகூர்த்த நாள் நமக்காகத் தள்ளிப்போகாது.

மெய்நிகர் கணினியில், அதாவது லினக்ஸுக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியில், விண்டோஸை ஓட்டலாம். அதற்கு விண்டோஸ் உரிமமும் குறைந்தது 16 ஜி.பி. ரேமும் வேண்டும், அப்போதும் கிராஃபிக்ஸ் கார்டின் முழுப் பலன் எளிதில் கிடைக்காது. லினக்ஸ், விண்டோஸ் இரண்டையும் ஒரே கணினியில் தனித்தனியாக வைத்துக்கொள்வதுதான் உங்களுக்குச் சரி. அப்படிச் செய்தால் விண்டோஸின் பவர் அமைப்பில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது இருக்கும் வரை, ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில், படங்கள் இருக்கும் டிரைவை லினக்ஸில் திறந்தால் பார்க்க மட்டுமே முடியும், எழுத முடியாது. "ஹார்ட் டிஸ்க் போய்விட்டது" என்று பதறி எழுதுகிறவர்களில் பலருக்கு நான் சொல்வது இந்த ஒரு டிக்கை எடுக்கத்தான்.

கேமரா பதிவுசெய்தபடியே இருக்கும் ரா படங்களுக்கு லினக்ஸிலேயே டார்க்டேபிள் இருக்கிறது. லைட்ரூம் பழகிய கைக்கு முதலில் எரிச்சலூட்டும். ஆஃப் சீசனில் பழகுங்கள்.

கேள்வி: ஒயினில் பழைய போட்டோஷாப் திறக்கிறது. பாமினி எழுத்துருவில் பெயர் சரியாக வருகிறது. யூனிகோடில் அடித்தால் கொம்பு இடம் மாறிச் சிதறுகிறது. ஒயின் கோளாறா? (புதுவயல்)

ஒயின் மேல் பழி இல்லை. அதே பதிப்பு விண்டோஸிலும் இப்படித்தான் சிதறும்.

பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருக்கிறார்கள். கொம்பை முதலில் அடித்தால் முதலில் நிற்கும், அவ்வளவுதான். யூனிகோடில் 'மெ' என்றால் மகரம் முதலில், கொம்பு அடுத்ததாகச் சேமிக்கப்படும். திரையில் கொம்பை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. பழைய போட்டோஷாப்புக்கு அது தெரியாது. பிந்தைய பதிப்புகளில்தான் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு வந்தது. உங்கள் ஊரிலோ மெய்யப்பன், தெய்வானை, லெட்சுமணன், சொர்ணம் என்று பத்திரிகைக்குப் பத்திரிகை கொம்புதான். பிழையோடு அச்சானால் பெண் வீட்டார் பார்க்கும் முதல் இடமும் அதுதான்.

வழி இருக்கிறது. பெயர்களையும் தலைப்பையும், லினக்ஸில் நேரடியாக ஓடும் இலவச வரைகலை மென்பொருள்களான இங்க்ஸ்கேப்பில் அல்லது கிம்ப்பில் அடியுங்கள். இரண்டிலும் தமிழ் யூனிகோட் சரியாக அமரும். 300 டி.பி.ஐ.யில், பின்னணி இல்லாத பி.என்.ஜி. கோப்பாக ஏற்றுமதி செய்து, போட்டோஷாப்பில் லேயராக வையுங்கள். எழுத்தைப் பின்னால் திருத்த வேண்டியிருக்கும். மூலக் கோப்பைத் தூக்கி எறியாதீர்கள்.

கேள்வி: பழம்பொருள் கடை. தினமும் நிறையப் படங்களைச் சிறிதாக்கிக் கடைப் பெயர் போட வேண்டும். விண்டோஸில் பயன்படுத்திய இர்ஃபான்வியூ என்ற பட மென்பொருள் ஓடுமா? (முனீஸ்வரன் கோயில் தெரு, காரைக்குடி)

ஒயினில் தாராளமாக ஓடும். ஆனால் எக்ஸ்என்கன்வெர்ட்டுக்கு லினக்ஸ் பதிப்பே இருக்கிறது, இதே வேலையைச் செய்கிறது. சுற்று வழி எதற்கு?

கேள்வி: ஆத்தங்குடி கல் செய்கிறோம். ஒரு கல்லின் டிசைனைத் தரை முழுக்கப் பரப்பினால் எப்படி இருக்கும் என்று வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும். போட்டோஷாப் இல்லாமல் முடியுமா?

கிருதா என்ற இலவச மென்பொருளை நிறுவி, ஒரு கல்லின் அளவில் படம் ஒன்றைத் திறந்து, டபிள்யூ விசையை அழுத்துங்கள். அந்த ஒரு கல் நான்கு புறமும் பரவித் தெரியும். வலது ஓரத்தில் இழுத்த கோடு இடது ஓரத்தில் சேர்கிறதா, நான்கு மூலை கூடும் இடத்தில் பூ முழுமையாகிறதா என்பதை வரையும்போதே பார்த்துக்கொள்ளலாம். விண்டோஸ் மென்பொருளை இழுத்துக்கொண்டுவர வேண்டிய அவசியமே இல்லை.

நிறத்துக்கு மட்டும் திரையை நம்பி வாக்குக் கொடுக்காதீர்கள். கண்ணாடியின் மேல் அச்சு வைத்து வண்ணச் சிமென்ட் ஊற்றும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். மாதிரிக் கல்லையே காட்டுங்கள்.

கேள்வி: ரங்கூனில் கடை வைத்திருந்த பாட்டையாவின் படத்தை ஸ்கேன் செய்ய வேண்டும். ஒயினில் ஓடும் போட்டோஷாப்புக்கு ஸ்கேனர் தெரியவில்லை. (கானாடுகாத்தான்)

தெரிய வைக்க மெனக்கெட வேண்டாம். லினக்ஸின் சொந்த ஸ்கேன் மென்பொருளில் 600 டி.பி.ஐ. டிஃப் கோப்பாக எடுத்துவிட்டுப் பிறகு எதில் வேண்டுமானாலும் திறங்கள். கீறல், பூஞ்சைப் புள்ளிகளுக்குக் கிம்ப்பின் ஹீல் கருவியே போதும்.

முகப்பில் மாட்டியிருந்த பழைய படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு வைத்தே, இரு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு அமைத்து, கேமராவில் படம் எடுங்கள்.

கேள்வி: நண்பர் கிராக் செய்த போட்டோஷாப்பைப் பென் டிரைவில் தந்திருக்கிறார். லினக்ஸில்தான் வைரஸ் வராதே, போடலாமா? (திருப்பத்தூர்)

திருட்டுப் பதிப்பு என்பது ஒருபுறம் இருக்கட்டும். விண்டோஸ் நிரலை ஓட்டவே ஒயின் இருக்கிறது. விண்டோஸ் வைரஸும் நிரல்தான். ஒயின் தானாகவே உங்கள் லினக்ஸ் கோப்புகள் முழுவதையும் இசட் டிரைவாகத் திறந்து வைக்கிறது. உங்களால் அழிக்க முடிந்த எந்தப் படத்தையும் அந்த நிரலாலும் அழிக்க, பூட்ட முடியும். ஒயின் அமைப்பில் இசட் டிரைவை நீக்கலாம், அதுவும் முழுக் காவல் அல்ல. வாடிக்கையாளரின் கல்யாணப் படங்கள் இருக்கும் கணினியில் இந்தச் சோதனை வேண்டாம். பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிம்ப்பை இறக்கிக்கொள்ளுங்கள்.