புத்தகத்தைப் பார்த்து கட்டா பழகலாமா?

கேள்வி: கோஜு-ரியூ கராத்தேயில் கிரீன் பெல்ட் வரை வந்திருக்கிறேன். கெகிசாய் கட்டா (வரிசையாகச் செய்யும் அசைவுத் தொகுப்பு) இரண்டும் நன்றாக வரும். மாஸ்டர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டதால் கிளாஸ் நின்றுவிட்டது. இந்தப் பாணியின் பன்னிரண்டு கட்டாக்களும் படங்களோடு இருக்கும் ஒரு தடிமனான புத்தகம் வாங்கியிருக்கிறேன். சைஃபா, செயுன்சின், சாஞ்சின் மூன்றையும் அதை வைத்தே பழக முடியுமா? அடுத்த பெல்ட்டுக்கு அது உதவுமா?

பதில்: சைஃபாவைப் பழகலாம். செயுன்சினைப் பாதி பழகலாம். சாஞ்சினை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு படமும் ஓர் அசைவு முடிந்து நிற்கும் இடம். உடம்பு அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் படம் சொல்லாது. அந்த இடைவெளியை நீங்கள் ஏற்கெனவே பழகிய அசைவுகளால் நிரப்ப முடிகிற கட்டா என்றால் புத்தகம் போதும். சைஃபா அப்படிப்பட்டது. அது பூனை நிற்பில் (எடை பின்காலில், முன்கால் லேசாகத் தொட்டபடி) மவாஷி-உகே என்கிற வட்டத் தடுப்பைப் போட்டு முடிகிறது. இரண்டாவது கெகிசாயான டாய் நியில் உங்களுக்குப் பழகிப்போனதுதான்.

ஆரம்பிக்கும் முன் ஒரு வேலை. புத்தகம் எந்த ஆசிரியரின் வழியில் (பரம்பரையில்) வந்தது என்று பாருங்கள். கோஜு-ரியூவை உருவாக்கிய மியாகி சோஜுன் (1888–1953), மாணவரின் உடல்வாகைப் பார்த்து சாஞ்சினோடு ஓரிரு கட்டாக்களைத்தான் ஆழமாகக் கொடுப்பார் என்பார்கள். அவர் போன பிறகு ஹிகா செய்கோ, மியாசாதோ எய்இச்சி, யாகி மெய்தோகு, தோகுச்சி செய்கிச்சி என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கற்றுக்கொடுத்தார்கள். ஜப்பானின் பெருநிலத்தில் யமாகுச்சி கோகென் வழி தனியாக வளர்ந்தது. அதனால் ஒரே சைஃபாவில்கூட கையின் உயரமும் நிற்பும் திரும்பும் விதமும் வழிக்கு வழி மாறும். உங்கள் மாஸ்டர் எந்த வழி என்று வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுங்கள். புத்தகம் வேறு வழியைச் சேர்ந்தது என்றால் அதை அலமாரியில் வைத்துவிட்டு வேறு தேடுவதுதான் நல்லது. ஒன்றின் கையையும் இன்னொன்றின் காலையும் கலந்து பழகியவரைத் திருத்துவது, புதிதாக வந்தவருக்குக் கற்றுக்கொடுப்பதைவிடப் பெரிய பாடு.

சரி, சைஃபாவின் தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம். முதல் படத்தில் வலது கால் 45 டிகிரி சாய்வாக முன்னே போயிருக்கும், வலது முஷ்டியை இடது உள்ளங்கை மூடியிருக்கும். அடுத்ததில் கால்கள் சேர்ந்து, முஷ்டி விலாப்பக்கம் வந்து, வலது முழங்கை முன்னால் நிற்கும். மூன்றாவதில் இடது கால் பின்னால் போய் ஷிகோ-டாச்சி (கால்களை அகட்டி, பாதங்களை வெளிப்பக்கம் திருப்பித் தாழ்ந்து நிற்பது), வலது முஷ்டியின் பின்புறத்தால் அடி. படத்தை மட்டும் பார்ப்பவர்கள் முஷ்டியைக் கை பலத்தால் இழுப்பார்கள். உண்மையில் இடது கால் வந்து சேரும்போது இடுப்பு திரும்புகிறது, அந்தத் திருப்பம்தான் கையைக் கொண்டுவருகிறது. சந்தேகமிருந்தால் வீட்டில் யாரையாவது உங்கள் மணிக்கட்டை இறுகப் பிடிக்கச் சொல்லுங்கள். கையை மட்டும் இழுத்தால் அவர் விடமாட்டார். உடம்போடு திரும்பினால் பிடி தானாகத் தளரும். இதே அசைவு இடம், வலம் மாறி மூன்று முறை வருவதால் முதல் வாரத்துக்கு இது மட்டும் போதும். அப்புறம் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு படங்களுக்கு மேல் போகாதீர்கள்.

இடவலக் குழப்பம் எல்லோருக்கும் வரும். படத்தில் இருப்பவர் உங்களைப் பார்த்து நிற்கிறார், அவருடைய வலது கை உங்கள் இடப்பக்கம் தெரியும். பக்கங்களை போனில் படமெடுத்து, அவர் முகம் காட்டும் படங்களை மட்டும் இடவலமாகத் திருப்பி வைத்துக்கொண்டால் கண்ணாடியைப் பார்ப்பதுபோலப் பின்பற்றலாம். முதுகு காட்டும் படங்களை அப்படியே விடுங்கள், அவை ஏற்கெனவே சரியாக இருக்கும். எம்புசென் என்கிற நடைபாதைக் கோட்டை மொட்டைமாடியில் சாக்பீஸால் போட்டுவிட்டு, கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கால்களை மட்டும் முதலில் நடந்து பாருங்கள். வரிசை மனப்பாடமான பிறகு, அதே வழியைச் சேர்ந்த ஒருவரின் வீடியோவை வேகத்துக்காக மட்டும் பாருங்கள். முதலிலேயே வீடியோவுக்குப் போனால் புத்தகத்தைத் திறக்கவே மாட்டீர்கள்.

செயுன்சினில் உதை கிடையாது, பெரும்பகுதி ஷிகோ-டாச்சிதான். தொடக்கத்தில் முன்னே வைக்கும் மூன்று காலடிகளையும் மெதுவாக, மூச்சோடு செய்ய வேண்டும். எவ்வளவு மெதுவாக என்பதைப் படம் காட்டாது. எனவே கால்களையும் திசைகளையும் பழகி வைத்துக்கொள்ளுங்கள். தொடைக்கு நல்ல வேலை கிடைக்கும். கைகள் காத்திருக்கட்டும்.

சாஞ்சின் பார்வைக்கு மிக எளிது, மூன்று காலடி முன்னே, சில குத்துகள். ஆனால் கோஜு-ரியூ பிறந்த ஒகினாவா தீவில் ஆசிரியர் பக்கத்தில் நின்று தோளையும் முதுகையும் தொடையையும் தட்டிப் பார்த்தே இதைக் கற்றுக்கொடுக்கிறார். எங்கே இறுக்கம், எங்கே தளர்வு என்பதை இன்னொருவரின் கைதான் சொல்ல முடியும். தனியாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தோளை உயர்த்தி, கழுத்து நரம்பு புடைக்க மூச்சை அடக்குகிறார்கள். அப்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். ஏற்கெனவே பிரஷர் உள்ளவர்களுக்கு இது ஆபத்து. இன்னொரு சிக்கலும் உண்டு. மியாகியின் ஆசிரியர் ஹிகாஒன்னா கன்ரியோவின் சாஞ்சினில் திரும்புதல் உண்டு, மியாகி வடிவமைத்ததில் திரும்பாமல் பின்னோக்கி நடக்க வேண்டும். உங்கள் புத்தகத்தில் இரண்டும் இருந்தால் அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

பெல்ட் விஷயம்: புத்தகத்தில் பழகியதற்காக யாரும் பெல்ட் தரமாட்டார்கள். உங்கள் மாஸ்டரே வீடியோ காலில் சைஃபாவைப் பார்த்துத் திருத்தி, ஊருக்கு வரும்போது டெஸ்ட் வைக்கச் சம்மதித்தால் அதுதான் சுலபமான வழி. வேறு டோஜோவில் (பயிற்சிக்கூடத்தில்) சேர்ந்தால் கிரீன் பெல்ட் சான்றிதழைக் காட்டுங்கள். சில இடங்களில் சில மாதம் ஒயிட் பெல்ட்டோடு நிற்கச் சொல்வார்கள். நில்லுங்கள். சைஃபா தெரியும் என்று நீங்களாக முந்திக்கொண்டு சொல்லாமல், கேட்டால் மட்டும் செய்துகாட்டுங்கள்.